ஆராதனையும் இசையரங்கும்: லைப்சிக் நகர ஆலயங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆலயத்திற்குள் பாடப்படுவதனாலேயே ஓர் இசை ஆராதனையாகிவிடுகிறதா? அதே ஆலயத்தில், நுழைவுச் சீட்டு வாங்கி அமர்ந்திருப்போர் முன்னிலையில் அதே இசை ஒலிக்கும்போது அது வேறொன்றாக மாறிவிடுகிறதா? திருச்சபை இசையைப்பற்றிப் பேசுவோர் இவ்வினாவைப் பெரும்பாலும் இரு வகையில் தீர்த்துவிடுகின்றனர். திருமறைப் பொருள் கொண்ட இசை எங்கே ஒலித்தாலும் அது ஜெபமே என்பர் ஒரு சாரார். கேட்போரின் பாராட்டுக்காக இசைக்கப்படுவது எதுவாயினும் அது தேவாலயத்திற்கு அடுத்ததன்று என்பர் மற்றொரு சாரார். இரண்டும் எளிய தீர்ப்புகள். ஆயினும் ஆலய இசையின் வரலாறு இவ்விரண்டிற்கும் இடங்கொடுக்கவில்லை. ஆர்கன் இசை, பாடகர் குழுவின் இசை, சிறு குழுவினரின் கருவியிசை ஆகிய மூன்றும் பல நூற்றாண்டுகளாக ஆலயங்களில் ஒலித்துவரும் ஒரு நகரை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லைப்சிக்கும் நாமும்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்திலுள்ள லைப்சிக் நகரம் தமிழ்க் கிறிஸ்தவருக்கு அந்நிய ஊரன்று. டிரெஸ்டனிலிருந்து 1848-இல் தன் தலைமையிடத்தை அந்நகருக்கு மாற்றிக்கொண்ட லைப்சிக் மிஷன், தரங்கம்பாடிப் பணியைத் தொடர்ந்து நடத்தியது. அம்மிஷனின் உழைப்பில் வளர்ந்த சபைகள் 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக அமைந்தன. மிஷனின் இயக்குநராயிருந்த கார்ல் கிரவுல் தமிழ் நூல்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து அந்நகரிலேயே வெளியிட்டார்.

இவற்றினும் நெருங்கிய உறவு ஒன்று நம் பாட்டுப் புத்தகத்திலேயே உண்டு. நம் ஞானப்பாட்டுகளுள் பல ஜெர்மன் சபைப் பாட்டுகளின் மொழிபெயர்ப்புகள். அவற்றின் மெட்டுகளும் அங்கிருந்து வந்தவையே. லெந்து நாட்களில் நாம் பாடும் பவுல் கெர்கார்டின் பாடுகளின் பாட்டு அவற்றுள் ஒன்று. யோகான் செபாஸ்டியன் பாக் இயற்றிய ‘மத்தேயு பாடுகள்’ என்னும் பேரிசையில் இம்மெட்டு ஐந்து முறை வருகின்றது. ஆகவே, ஜெர்மன் மொழியில் ஒரு சொல்லும் அறியாத நம் சிற்றூர்ச் சபையார் ஒருவர் அதைக் கேட்க நேர்ந்தாலும், தம் வீட்டுக் குரல் ஒன்றை அதற்குள் அடையாளங் கண்டுகொள்வார்.

ஆனால் இந்த மெட்டின் பிறப்பு நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்பவர் 1601-இல் வெளியிட்ட ஒரு காதற் பாட்டின் மெட்டு அது. பின்னரே அது சிலுவையின் பாட்டாயிற்று. இவ்வாறே பாக்கின் ‘கிறிஸ்து பிறப்பு ஒரட்டோரியோ’வில் வரும் சிறந்த பாடல்கள் பலவும், 1733-இல் அரச குடும்பத்தாரின் பிறந்தநாள் விழாக்களுக்காக அவர் அமைத்த இசையிலிருந்தே எடுக்கப்பட்டவை. அரசிக்கு முழங்கிய முரசே பின்னர் பெத்லகேமின் பாலகனுக்கும் முழங்கியது. எனவே, புனிதத்தன்மை சுரங்களுக்குள் உறைந்திருக்கவில்லை. அவை எதற்காக, எந்த ஒழுங்கில், யாரோடு சேர்த்து வைக்கப்படுகின்றன என்பதிலேயே வேறுபாடு பிறக்கின்றது. நம் ஆய்வின் முதற்படி இது.

ஆலய இசையரங்கு பிறந்த வரலாறு

ஆராதனைக்குப் புறம்பான ஆர்கன் இசை உலகாசையினால் ஆலயத்திற்குள் நுழைந்ததென்று எண்ணுவோர் உளர். வரலாறு வேறு கூறுகின்றது. ஆம்ஸ்டர்டாம் நகரம் 1578-இல் சீர்திருத்தத் திருச்சபையின் பக்கம் சாய்ந்தபோது, ஆராதனை நேரத்தில் ஆர்கன் வாசித்தல் தகாது என்று அத்திருச்சபையார் கருதினர். ஆர்கன்களோ நகர மன்றத்தின் சொத்து. மன்றத்தார் அவற்றை அழிக்க விரும்பவில்லை. ஆதலால் பழைய ஆலயத்தின் ஆர்கன் இசைஞர் யான் பீட்டர்ஸோன் ஸ்வேலிங்க், மன்றத்தின் ஊழியராக, ஆராதனைக்கு முன்னும் பின்னும் பொதுமக்கள் கேட்க வாசித்தார். ஆராதனையிலிருந்து வெளியேற்றப்பட்ட கருவி, வெளியேற்றப்பட்டதனாலேயே தனியிசைக் கருவியாயிற்று!

லுத்தரன் நகரமாகிய லூபெக்கில் இது வேறு வடிவம் பெற்றது. தூய மரியாள் ஆலயத்தில் 1668 முதல் 1707 வரை பணியாற்றிய டீட்ரிக் புக்ஸ்டெஹூட, கிறிஸ்து பிறப்புக்கு முந்திய சில ஞாயிறுகளில், பிற்பகல் ஆராதனை முடிந்தபின் ‘மாலை இசை’ நடத்திவந்தார். வணிகர்கள் பொருளுதவி செய்தனர். கேட்க வந்தவர்களிடம் கட்டணம் பெறப்படவில்லை. இதன் புகழ் இளைஞரான பாக்கின் செவிக்கு எட்டியது. 1705-இல், இருபது வயதில், ஆர்ன்ஸ்டாட் ஊரிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவு நடந்தே லூபெக்குக்குச் சென்றார் அவர்.

இவ்விரு நகரங்களிலும் இசையரங்கு ஆராதனையின் விளிம்பிலேயே நின்றது. ஓரிடத்தில் தள்ளப்பட்டு நின்றது. மற்றோரிடத்தில் பின்தொடர்ந்து நின்றது. லைப்சிக்கில் பாக்கின் நாளில் நிலைமை இவ்விரண்டினின்றும் வேறுபட்டது.

பிரசங்கத்தின் இருபுறமும் இசை

தூய தோமா ஆலயத்தின் சிறுவர் பாடகர் குழு 1212-ஆம் ஆண்டுவரை தன் வரலாற்றை எண்ணுவது. பாக் 1723-இல் அதன் கேன்டராகப் பொறுப்பேற்று, 1750-இல் மரிக்கும்வரை பணியாற்றினார். ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆராதனை மூன்று, நான்கு மணி நேரம் நடக்கும். அந்நாளுக்குரிய சுவிசேஷப் பகுதி வாசிக்கப்பட்டபின், அதே பகுதியைத் தியானிக்கும் கன்டாட்டா பாடப்படும், பின்னர் பிரசங்கம். கன்டாட்டா இரு பகுதியாய் அமைந்திருப்பின் இரண்டாம் பகுதி பிரசங்கத்திற்குப் பின்னர் வரும். வாசிப்பு, இசை, பிரசங்கம் என்னும் மூன்றும் ஒரே வேத பகுதியை மும்முறை விரித்துரைத்தன.

பெரிய வெள்ளியன்று பிற்பகல் ஆராதனையிலும் இவ்வொழுங்கே நிலவியது. ‘யோவான் பாடுகள்’ 1724 ஏப்ரல் 7 அன்று தூய நிக்கொலா ஆலயத்திலும், ‘மத்தேயு பாடுகள்’ 1727 ஏப்ரல் 11 அன்று தூய தோமா ஆலயத்திலும் முதன்முறையாகப் பாடப்பட்டன. இரண்டும் இரு பகுதிகளாய்ப் பிரிந்திருப்பது கேட்போர் இளைப்பாறுவதற்காக அன்று. நடுவே பிரசங்கம் உண்டு. பாடுகளின் வரலாற்றைப் பாதி கேட்டபின் சபை போதகரின் முகத்தை நோக்கியது. அவர் உரைத்தபின் மீதியைக் கேட்டது. ஜெபத்தோடும் ஆசீர்வாதத்தோடும் பாட்டோடும் வீடு திரும்பியது.

அதே பாக், 1729 முதல், நகரின் இசைச் சங்கத்தைக் கொண்டு சிம்மர்மன் என்பவரின் காப்பிக் கடையில் வாரந்தோறும் இசை நடத்தினார் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அங்கே காப்பியின்மீதுள்ள மோகத்தைப்பற்றிய நகைச்சுவைக் கன்டாட்டாவும் பாடப்படலாம். ஆலயத்தில் பாடுகளும் பாடப்படலாம். பாக் அவ்விரு இடங்களையும் குழப்பிக்கொள்ளவுமில்லை, ஒன்றிற்காக மற்றொன்றை இகழவுமில்லை. ஆலயத்தில் இசை ஓர் ஒழுங்கின் உறுப்பு; காப்பிக் கடையில் அது தானே முழுமை.

அரங்கிற்கு வந்தபோது இழந்தவை

இவ்விசை இன்று ஆலயங்களிலேயே தனியிசை நிகழ்ச்சியாக நடைபெறும்போது எவை அதைவிட்டு நீங்குகின்றன? மூன்றைக் குறிப்பிடலாம்.

முதலாவது, காலம். ‘கிறிஸ்து பிறப்பு ஒரட்டோரியோ’ ஆறு பகுதிகளைக் கொண்டது. 1734-ஆம் ஆண்டு டிசம்பர் 25, 26, 27, பின்பு 1735 ஜனவரி 1, 2, 6 ஆகிய ஆறு நாட்களில் அவை ஒவ்வொன்றாகப் பாடப்பட்டன. மேய்ப்பர் வருமுன் சபை ஒரு நாள் காத்திருந்தது. இயேசு என்னும் பெயரிடப்படும் நாளுக்காக ஒரு வாரம் காத்திருந்தது. சாஸ்திரிகள் வந்து வணங்க ஆறாம் தேதிவரை காத்திருந்தது. இன்றோ பெரும்பாலும் முதல் மூன்று பகுதிகள் ஒரே மாலையில், அதுவும் கிறிஸ்து பிறப்புக்கு முந்திய வாரங்களிலேயே, நிகழ்த்தப்படுகின்றன. சுரம் ஒன்றும் குறையவில்லை, காத்திருத்தல் குறைந்துவிட்டது. திருவருகைக் காலத்தின் உட்பொருளே காத்திருத்தலாயிருக்க, இதனைச் சிறு குறையென்று எவ்வாறு தள்ளுவது?

இரண்டாவது, சபையின் குரல். பாக் 1739-இல் வெளியிட்ட ஆர்கன் நூலொன்றில் 21 ஞானப்பாட்டு இசைகள் உள்ளன. லுத்தரின் ஞானோபதேசத்திற்குரிய பாட்டுகள் அவற்றுள் பெரிதாக ஒன்றும் சிறிதாக ஒன்றுமாக ஈரிரண்டு முறை அமைந்துள்ளன. பெரிய, சிறிய ஞானோபதேச நூல்களை அவை நினைவூட்டுகின்றன என்பர் அறிஞர். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், மனந்திரும்புதல், திருவிருந்து ஆகியவற்றைச் சிறுவயதிலேயே பாடிப் பழகிய சபை, ஆர்கனில் அம்மெட்டு எழும்பிய கணமே சொற்களை உள்ளத்தில் உச்சரித்தது. அப்பாட்டை ஒருபோதும் பாடியறியாத கேட்போருக்கு அதே இசை நுட்பமான பின்னல் வேலையாகவே தோன்றும். இது இசையின் குற்றமன்று, இசைஞரின் குற்றமுமன்று. நிகழ்ச்சிக்கு முன்னர் அந்த ஞானப்பாட்டின் ஒரு சரணத்தை எல்லாரும் எழுந்து நின்று பாடினாலே பாதி இழப்பு நீங்கிவிடும்.

மூன்றாவது, பிரசங்கம். ‘யோவான் பாடுகள்’ வரலாற்றில் ‘யூதர்’ என்னும் சொல் கூட்டத்தின் கூக்குரலோடு மீண்டும் மீண்டும் வருகின்றது. ‘மத்தேயு பாடுகள்’ இசையில், இருபத்தேழாம் அதிகாரத்து ஜனங்களின் கூக்குரலைப் பாக் எத்துணை வல்லமையுடன் அமைத்துள்ளார் என்பதைக் கேட்டோர் அறிவர். அவ்வதிகாரத்தைப் பழிவாங்கும் ஆயுதமாகக் கிறிஸ்தவ உலகம் பயன்படுத்திய வரலாறு நீண்டது. நடுவிலிருந்த பிரசங்கம் அகற்றப்பட்டபின், அக்கூக்குரலுக்கு யார் விளக்கம் கூறுவர்? பாடுகளின் குற்றவாளிகள் பாடுகிறவர்களும் கேட்கிறவர்களுமாகிய நாமே என்று பாக்கின் ஞானப்பாட்டுகள் அறிக்கையிடுவது உண்மை. ஆயினும் மொழியும் திருமறையும் அறியாத கேட்போரின் செவியில் அவ்வறிக்கை தப்பிவிடலாம். கூக்குரலோ ஒருபோதும் தப்பாது. பாடுகளின் பேரிசையை நிகழ்த்தும் ஆலயம் ஒரு சிற்றுரையையாவது அதனோடு சேர்க்கக் கடமைப்பட்டுள்ளது.

அரங்கு மீட்டுத் தந்தவை

இவ்விழப்புகளைக் கணக்கிட்டபின், இசையரங்கின்மேல் கல்லெறிய எழும்புவோரை நிறுத்தவேண்டிய இடம் இது. ஏனெனில் பாக்கின் பேரிசைகளை மறந்தது திருச்சபை, நினைவுகூர்ந்தது அரங்கு. ‘மத்தேயு பாடுகள்’ 1829 மார்ச் 11 அன்று உயிர்த்தெழுந்தது பெர்லின் பாடற் கழகத்தின் மண்டபத்தில், ஆலயத்திலன்று. அதை நடத்தியவர் யூதக் குடும்பத்தில் பிறந்து சிறுவயதில் ஞானஸ்நானம் பெற்ற பெலிக்ஸ் மெண்டெல்சோன்; அப்போது அவருக்கு இருபது வயது. பின்னர் அவர் லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவின் தலைவரானார். 1840 ஆகஸ்டு 6 அன்று தூய தோமா ஆலயத்தில் பாக்கின் இசையை மட்டுமே கொண்ட ஆர்கன் நிகழ்ச்சியொன்றைத் தாமே வாசித்து நடத்தினார். பாக்குக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப நிதி திரட்டுவதே நோக்கம். ராபர்ட் ஷூமன் அதைக் குறித்துத் தம் இதழில் திறனாய்வு எழுதினார். அடுத்த ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று அதே ஆலயத்தில் ‘மத்தேயு பாடுகள்’ மெண்டெல்சோனின் தலைமையில் ஒலித்தது. நினைவுச் சின்னம் 1843-இல் திறக்கப்பட்டது.

கட்டணம் வாங்கிய இசை நிகழ்ச்சியே ஆலயத்திற்கு அதன் சொந்தச் செல்வத்தைத் திருப்பிக் கொடுத்தது. இதை மறந்து அரங்கை இகழ்வது நன்றிகேடு.

சொற்களே இல்லாத இசையைப்பற்றியும் ஒரு வார்த்தை. பாக்கின் ஆறு ‘டிரியோ சொனாட்டா’க்கள் ஆர்கனுக்காக அமைந்த சிற்றரங்க இசை எனலாம்: வலக்கை ஒரு குரல், இடக்கை ஒரு குரல், பாதங்கள் ஒரு குரல். மூத்த மகன் வில்ஹெல்ம் பிரீடெமனின் பயிற்சிக்காக அவை எழுதப்பட்டன என்று பாக்கின் வரலாற்றை முதலில் எழுதிய போர்க்கெல் கூறுகிறார். மூன்று குரல்கள் என்றவுடனே திரியேகத்துவம் என்று விளக்கமளிக்கும் ஆசை நமக்கு எழுவதுண்டு. அதை விலக்குதல் நன்று. ஒரு தகப்பன் தன் மகனின் கைகளையும் கால்களையும் பழக்குவதற்காகச் செய்த தூய வேலை அது. படைப்பின் ஒழுங்கில் மகிழ்தலாக மட்டும் அதைக் கேட்டால் போதும். எல்லாவற்றையும் உவமையாக்கினால்தான் ஆலயத்தில் இடமுண்டு என்றால், ஆலய முற்றத்து மரங்களையும் நாம் வெட்டிவிட வேண்டியதாகும்.

அழகு காப்பாற்றாத நாட்கள்

இனி நம் வினாவின் கடினமான பகுதிக்கு வருகிறோம். கெவாண்ட்ஹவுஸ் மண்டபத்தின் முன் நின்ற மெண்டெல்சோனின் சிலை 1936 நவம்பரில், அவர் யூத வழியினர் என்பதற்காக, இரவோடு இரவாக அகற்றப்பட்டது. அப்போது வெளியூர் சென்றிருந்த மேயர் கார்ல் கெர்டெலர் திரும்பி வந்து, சிலையை மீண்டும் வைக்க இயலாமற்போகவே பதவியைத் துறந்தார். ஹிட்லரை எதிர்த்தோரோடு இணைந்த அவர் 1945-இல் கொல்லப்பட்டார். 1938 நவம்பரில், தூய தோமா ஆலயத்திலிருந்து சில நிமிட நடைத்தொலைவில் நின்ற பெரிய ஜெப ஆலயம் எரிக்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் 140 வெண்கல நாற்காலிகள் வெறுமையாய் வரிசையில் நிற்கின்றன.

அந்த ஆண்டுகளிலும் தூய தோமா ஆலயத்தின் பாடகர் குழு பாடியே வந்தது. பாக்கின் இசை அதே தேர்ச்சியோடு ஒலித்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்தவரின் சிலை வீதியிலிருந்து மறைந்தபோது, அந்த இசையில் மகிழ்ந்த நகரம் பெரும்பாலும் மௌனமாயிருந்தது. நல்லிசை தானாகவே மனிதரை நல்லவராக்கும் என்னும் நம்பிக்கைக்கு லைப்சிக்கே மறுப்பு. ஆராதனை ஒழுங்கோடு பாடினால் போதும் என்போருக்கும் இது மறுப்பே. அங்கே ஒழுங்கு இருந்தது, ஜெபமும் இருந்தது. கேட்டதற்கு விடையளித்தல் குறைவுபட்டது.

மாறாக இரு நிகழ்ச்சிகளையும் நினைவில் வைப்போம். பல்கலைக்கழகத்தின் தூய பவுல் ஆலயம் 1545-இல் லுத்தரால் சுவிசேஷ ஆராதனைக்காகப் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பாக்கின் இரங்கல் இசை 1727-இல் அங்கே ஒலித்தது. இரண்டாம் உலகப் போரின் குண்டுகளுக்கும் தப்பிய அவ்வாலயத்தை, 1968 மே 30 அன்று கிழக்கு ஜெர்மன் அரசு வெடி வைத்துத் தகர்த்தது. மூன்று வாரங்களுக்குப் பின், ஜூன் 20 அன்று, பன்னாட்டு பாக் இசைப் போட்டியின் நிறைவு விழா நகரின் மாநாட்டு மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தது. அப்போது மேடையின்மேல் ஒரு பதாகை தானே அவிழ்ந்து விரிந்தது. தகர்க்கப்பட்ட ஆலயத்தின் வடிவமும், அதனை மீண்டும் கட்டவேண்டும் என்னும் கோரிக்கையும் அதில் இருந்தன. இளம் இயற்பியலாளர் சிலர் மறைவாகச் செய்து வைத்த ஏற்பாடு அது. அவையோர் நெடுநேரம் கைதட்டினர். கைதட்டல் ஆலயத்திற்கு ஆகாதென்று நாம் சொல்லலாம். அன்று அந்த அரங்கில் எழுந்த கைதட்டல் ஓர் அறிக்கையாயிருந்தது.

மற்றொன்று யாவரும் அறிந்தது. தூய நிக்கொலா ஆலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் மாலை ஐந்து மணிக்குச் சமாதான ஜெபம் நடந்துவந்தது. ஆடம்பரமான இசை அதில் இல்லை. 1989 அக்டோபர் 9 அன்று ஜெபம் முடிந்து வெளியே வந்தவர்களோடு நகர மக்கள் சேர, ஏறத்தாழ 70,000 பேர் வீதிகளில் வன்முறையின்றி நடந்தனர். அன்று மாலை வன்முறை வேண்டாமென்று கேட்டு ஒலிபரப்பான வேண்டுகோளில் கையொப்பமிட்ட அறுவருள் ஒருவர் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவின் தலைவர் கூர்ட் மசூர். மற்றொருவர் ஓர் இறையியலாளர். ஆலயமும் இசையரங்கும் ஒரே தாளில் ஒப்பமிட்ட மாலை அது.

இன்றைய வழக்கங்கள்

தூய தோமா ஆலயத்தில் வெள்ளி மாலை ஆறு மணிக்கும் சனி பிற்பகல் மூன்று மணிக்கும் நடைபெறும் ‘மோட்டெட்’ என்னும் கூடுகை நம் பாராட்டுக்குரியது. அதில் பாடகர் குழுவின் இசையும் ஆர்கன் இசையும் உண்டு. சனிக்கிழமைகளில் கன்டாட்டாவும் பாடப்படும். அதோடு திருமறை வாசிப்பும், சிற்றுரையும், ஜெபமும், எல்லாரும் பாடும் ஒரு பாட்டும், ஆசீர்வாதமும் உள்ளன. நிகழ்ச்சித்தாளுக்கான சிறு தொகையே கட்டணம். விசுவாசி, சுற்றுலாப் பயணி, இசை மாணவர், ஒன்றையும் நம்பாதவர் ஆகிய யாவரும் ஒரே இருக்கையில் அமர்கின்றனர். அவர்களுள் யாரும் ஜெபிக்கும்படி கட்டாயப்படுத்தப்படுவதில்லை. ஆனால் ஜெபம் அவர்கள் நடுவே ஏறெடுக்கப்படுகின்றது. இசைக்காக வந்தவன் ஆசீர்வாதத்தோடு திரும்புகிறான்.

இதற்கு எதிரான ஓர் உருவையும் அந்நகரமே காட்டுகின்றது. தகர்க்கப்பட்ட தூய பவுல் ஆலயம் நின்ற இடத்தில் பல்கலைக்கழகம் எழுப்பிய ‘பவுலினும்’ என்னும் கட்டடம் 2017 டிசம்பரில் திறக்கப்பட்டது. அது பல்கலைக்கழகத்தின் விழா மண்டபமாகவும் ஆலயமாகவும் ஒருங்கே விளங்குகின்றது. ஒருபுறம் மண்டபம், மறுபுறம் பழைய பீடம் வைக்கப்பட்ட ஆராதனை இடம், இரண்டிற்கும் நடுவே திறந்து மூடக்கூடிய கண்ணாடித் தடுப்பு. இத்தடுப்பைக் குறித்து அங்கே நீண்ட விவாதம் நடந்தது. சமயச் சார்பற்ற ஒரு பல்கலைக்கழகத்தின் நியாயத்தை நாம் உணர்கிறோம். எனினும் இறையியல் நோக்கில், இக்கண்ணாடி நம் காலத்து ஆலய இசையரங்கின் நிலையையே காட்டுகின்றது: பீடம் கண்ணுக்குத் தெரியும்; அங்கிருந்து வரும் சொல் செவியை எட்டவேண்டிய கட்டாயமில்லை. கட்டடத்தில் கண்ணாடி இல்லாத ஆலயங்களிலும், பிரசங்கமின்றிப் பாடுகளைப் பாடும்போது, அதே தடுப்பை நாம் எழுப்புகிறோம்.

ஆகவே நம் தீர்ப்பு இதுவாகும். ஆலயத்தில் நடக்கும் இசையை அதன் பொருள் திருமறை சார்ந்ததா என்பதைக் கொண்டும், சீட்டு விற்கப்பட்டதா என்பதைக் கொண்டும் மட்டும் அளப்பது போதாது. கேட்பவனிடம் அந்நிகழ்ச்சி என்ன கேட்கிறது என்பதே அளவுகோல். வியப்பை மட்டும் கேட்பது அரங்கு. விடையைக் கேட்பது ஆராதனை. ஓர் ஒழுங்கு அவ்விடைக்கு வாயில் திறந்து வைக்க இயலும். உள்ளே நடந்து செல்வது கேட்பவனின் பொறுப்பு. அவ்வாயிலைச் சுட்டிக்காட்டுவது போதகரின் பொறுப்பு.

நமக்கு

நம் நகரச் சபைகள் பலவற்றில் டிசம்பர் மாதம் கீத ஆராதனைகளின் மாதமாகும். பாடகர் குழுவினர் வாரக்கணக்கில் உழைத்து, ஹேண்டலின் ‘மேசியா’விலிருந்து ‘அல்லேலூயா’வைப் பாடுவது பெருமைக்குரிய வழக்கமாயுள்ளது. அவ்விசை ‘மேசியா’வின் இரண்டாம் பகுதியின் முடிவில், கிறிஸ்துவின் பாடுகளும் உயிர்ப்பும் பரமேறுதலும் பாடப்பட்டபின் வருவது. தொழுவத்தருகே அதைப் பாடலாகாதென்று நான் கூறவில்லை. பாடுமுன், இத்தொழுவத்துப் பாலகன் எவ்வழியே அரசாட்சிக்குச் சென்றார் என்பதைப் போதகர் இரண்டு நிமிடம் எடுத்துரைப்பாராக. அப்போது அந்த ‘அல்லேலூயா’வின் விலை சபைக்குத் தெரியவரும்.

நம் இறையியல் மாணவருக்கு ஒரு வேண்டுகோள். பாடகர் குழுத் தலைவரும் ஆர்கன் இசைஞரும் நிகழ்ச்சி நிரலை எழுதிக்கொண்டு வரும்போது, அதில் ஒப்பமிடுவதோடு நில்லாதீர்கள். அவர்களோடு உட்காருங்கள். எந்த வேத பகுதி வாசிக்கப்படும், எந்த ஞானப்பாட்டையோ கீர்த்தனையையோ சபையார் எல்லாரும் சேர்ந்து பாடுவர், எவ்விடத்தில் மௌனம் காக்கப்படும் என்று கேளுங்கள். வாசலில் சீட்டுக்கு விலை வைக்கப்படுமானால் அவ்விலை கொடுக்க இயலாதவர் எங்கே அமர்வர் என்பதையும் கேளுங்கள். இசைஞரின் கலையில் தலையிடாதீர்கள். அக்கலைக்கு அருகில் நிற்கவேண்டிய சொல்லை ஆயத்தம் செய்யுங்கள். அது உங்கள் வேலை. அதை உங்களுக்காக எந்த இசைஞரும் செய்ய இயலாது, பாக்கும் செய்யவில்லை. தம் இசையின் நடுவே பிரசங்கிக்கு ஓர் இடம் விட்டுவைத்தார். அவ்விடத்தை நிரப்பவேண்டியவர்கள் நீங்களே.